பத்தாய அறையில் பூத்த கொல்லை அவரை

ஆடியில் விதைத்துத் தையில் காய் பறிக்கிற கொடி அவரையை இந்த வருடம் வீட்டுக்குள்ளேயே வளர்த்து, வைகாசியில் பூக்க வைத்துவிட்டேன். ஆடி பிறந்த கையோடு புது விதையும் எடுத்தாயிற்று. பழைய ரகம் ஒன்றை ஒரு கைப்பிடி மட்டும் வைத்துக்கொண்டு, அதை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசிப்பவர்களுக்கு இது பயன்படும். அதனால் செய்ததைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

விதை அத்தை கொடுத்தது. மன்னார்குடிக்குத் தெற்கே அவர் வீட்டுக் கொல்லையில் கிணற்றடியை ஒட்டி எப்போதும் ஓர் அவரைப் பந்தல் இருக்கும். காய் அகலமாக, ஓரத்தில் ஊதாக் கரை போட்டிருக்கும். அதற்குத் தனிப் பெயர் கிடையாது, வீட்டில் எல்லாருக்கும் அது கொல்லை அவரைதான். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது பந்தலோடு கொடியும் போனது. அதன் பிறகு ஒரே ஒரு முறை போட்டுக் கொஞ்சம் விதை எடுத்து, சாம்பலில் புரட்டிச் சின்ன மண் கலயத்தில் கட்டி வைத்திருந்தார். முட்டி வலி வந்த பிறகு பந்தல் போடவில்லை. "இதுதான் தம்பி மிச்சம். உன்கிட்ட இருக்கட்டும். வந்துச்சுன்னா எனக்கும் ரெண்டு குடு" என்று கலயத்தோடு கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சாம்பலைச் சலித்துப் பார்த்தேன். மொத்தம் 23 விதை. கருப்பு விதை, ஒரு பக்கம் முழுக்க வெள்ளைக் கோடு. ஒன்பது விதையில் வண்டு துளைத்து வட்டமாக ஓட்டை போட்டிருந்தது. நல்ல விதை 14.

ஆடி வரைக்கும் காத்திருந்து கொல்லையில் போட்டிருக்கலாம் என்று பலரும் சொன்னார்கள். ஆனால் விதைக்கு ஏற்கெனவே வயதாகிவிட்டது. இன்னொரு கோடையின் வெக்கையைத் தாண்டினால் இருக்கிற முளைப்பும் போய்விடும். அதோடு 14 விதையையும் திறந்தவெளியில் போட்டுவிட்டு ஆடு, அசுவினி, ஐப்பசி மழை என்று ஒவ்வொன்றுக்கும் பயந்துகொண்டிருக்க மனம் வரவில்லை. முதலில் பாதுகாப்பான இடத்தில் கொஞ்சம் புது விதை எடுத்துவிட வேண்டும், பிறகுதான் கொல்லை.

அப்படியானால் மாசியிலேயே வெளியே போட்டால் என்ன? கொடி ஓடும், பூக்காது. இந்தப் பழைய கொடி அவரைகள் பகல் குறைந்தால்தான் பூக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் ஆனியில் மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 45 நிமிடம். மார்கழியில் மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 30 நிமிடம். வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான், ஆனால் அந்த ஒன்றேகால் மணி நேரம் அவரைக்குத் தெரிகிறது. பழைய சம்பா நெல் ரகங்களுக்கும் இதே குணம் உண்டு. நடவு முன்னே பின்னே ஆனாலும் பொழுது குறைகிற காலத்தில்தான் கதிர் வரும் என்பது நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் செவ்வந்தி போடுகிறவர்கள் இதை வைத்தே தொழில் செய்கிறார்கள். ராத்திரியில் பல்பு எரிய விட்டுப் பூவைத் தள்ளிப் போடுவார்கள், கறுப்புத் துணி போர்த்திப் பூவை வரவழைப்பார்கள். எல்லா அவரையும் இப்படி என்று நினைக்க வேண்டாம். கோ 14 மாதிரியான செடி அவரை எந்தப் பட்டத்திலும் காய்க்கும். நான் சொல்வது பந்தலில் ஓடுகிற பழைய ரகங்களை.

ஆகவே எனக்குத் தேவைப்பட்டது மார்கழிப் பொழுதை உண்டாக்க ஓர் அறை. எங்கள் வீட்டில் பத்தாயம், அதாவது நெல் கொட்டி வைக்கிற பெரிய மரப்பெட்டி, இருந்த அறை சும்மா கிடந்தது. எட்டுக்குப் பத்து அடி, தடிமனான செங்கல் சுவர், சன்னல் இல்லை, மேலே நாட்டு ஓடு. ஓட்டுக்கு நடுவில் வெளிச்சத்துக்காக ஒரு கண்ணாடி ஓடு. பத்தாயத்தை எப்போதோ பிரித்துவிட்டோம். உலக்கை, பழைய அண்டா, தேங்காய் மூட்டை எல்லாம் அங்கேதான் இருக்கும். சுவருக்கு இரண்டு பூச்சு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தேன். வெளிச்சம் வீணாகாமல் திரும்பி வரச் சுண்ணாம்பைவிட மலிவான பொருள் இல்லை.

மின்சார வேலையை ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணனை வைத்துத்தான் செய்தேன். தண்ணீர் ஊற்றுகிற அறையில் விளக்கு தொங்கப் போகிறது, பழைய வீட்டு வயரை நம்ப முடியாது. போர்டிலிருந்து தனி லைன், எர்த் வயர், அதற்கென்று சுமை கூடினால் நிறுத்துகிற ஒரு எம்.சி.பி., கசிவு மின்சாரம் வந்தால் நிறுத்துகிற ஆர்.சி.சி.பி. இதற்குப் பொருளும் கூலியும் சேர்த்து 1,500 ரூபாய். பிளக் பாயிண்ட் எல்லாம் இடுப்புக்கு மேலே. தரையில் ஒரு ஜாயிண்ட் கூட இருக்கக் கூடாது என்று அண்ணன் பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னது சரி. பின்னால் ஒரு நாள் வாளி கவிழ்ந்து தரை முழுக்கத் தண்ணீர் நின்றபோது பயமில்லாமல் உள்ளே போக முடிந்தது.

விதைப்பு மாசி முதல் வாரம். 14-ல் எட்டு விதையை மட்டும் எடுத்தேன், ஆறைத் திரும்பக் கலயத்திலேயே வைத்தேன். வெதுவெதுப்பான நீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்ததில் ஐந்து விதை உப்பியது, மூன்று கல்லு மாதிரி அப்படியே கிடந்தது. அந்த மூன்றையும் வெள்ளைக் கோட்டுக்கு எதிர்ப் பக்கத்தில் நகவெட்டியால் தோல் மட்டும் கிள்ளி மறுபடி ஊறப் போட்டேன், சாயங்காலத்துக்குள் உப்பிவிட்டன. வேளாண் விரிவாக்க மையத்தில் வாங்கிய ரைசோபியத்தை (அவரை வேரில் தங்கித் தழைச்சத்து சேர்க்கிற நுண்ணுயிர் உரம்) ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் புரட்டி நிழலில் உலர்த்தி ஊன்றினேன். முளைத்து வந்தவை மூன்று. மண்ணைக் கிளறிப் பார்த்தால் மீதி அழுகியிருந்தது. வயதான விதையை நேரே மண்ணில் போடுவதைவிட ஈரத் துணியில் மடித்து முளை கண்ட பிறகு ஊன்றுவதுதான் சரி. துணியில் இருந்தால் ஈரம் எவ்வளவு என்று தினமும் கண்ணால் பார்த்துக் குறைக்கலாம், மண்ணுக்குள் அது தெரியாது.

தொட்டிக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளி. பழைய சாமான் கடையில் ஒன்று 60 ரூபாய். அடியில் எட்டு ஓட்டை, பக்கவாட்டில் ஓர் அங்குலம் மேலே நாலு ஓட்டை. மண் கலவைதான் நம் பகுதியில் கவனிக்க வேண்டிய விஷயம். வயல் களிமண்ணை வாளியில் போட்டால் இரண்டு தண்ணீரில் இறுகிவிடும், காய்ந்தால் ஓரம் விட்டு வெடிக்கும். ஊற்றுகிற தண்ணீர் வெடிப்பு வழியாக இறங்கி ஓடிவிடும், வேர் காய்ந்தே இருக்கும். நான் போட்டது வாய்க்கால் படுகை வண்டல் இரண்டு பங்கு, மட்கிய சாணி எரு ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிற நார்க் கழிவில் உப்பு இருக்கும். மூன்று முறை நீர் மாற்றி அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். உமிக்கரியைக் குறைக்க வேண்டாம். கலவை கடைசி வரைக்கும் பொலபொலவென்று இருந்ததற்கு அதுதான் காரணம்.

முதல் கட்டத்துக்கு 20 வாட் எல்.இ.டி. டியூப் பட்டை நாலு, ஒன்று 220 ரூபாய். பளிச்சென்ற வெள்ளை, அட்டையில் 6500 கே என்று போட்டிருக்கும். நாற்றுக்கு மேலே அரை அடியில் கட்டினேன். காலை 5 மணியிலிருந்து ராத்திரி 7 மணி வரை 14 மணி நேர வெளிச்சம். அவரை பூவைப் பற்றி நினைக்கவே கூடாத பொழுது இது, கொடி மட்டும் தேறட்டும் என்று. நாற்று மூன்றாவது இலை விட்டதுமே வெளிச்சம் போதவில்லை என்று தெரிந்தது. கணுவுக்குக் கணு விரல் நீளம் இடைவெளி, தண்டு ஒல்லி. போனில் லக்ஸ் அளக்கிற செயலியை இறக்கி இலை மட்டத்தில் வைத்துப் பார்த்தேன், ஆறாயிரம் சொச்சம் காட்டியது. நேர் வெயிலில் அது லட்சத்தைத் தொடும். போன் கணக்கு துல்லியமாக இருக்காது, ஆனால் இங்கே கம்மி, அங்கே அதிகம் என்று ஒப்பிடப் போதும்.

50 வாட் எல்.இ.டி. ஃப்ளட் லைட் நாலு வாங்கினேன், ஒன்று 650 ரூபாய். இரண்டு வெள்ளை, இரண்டு மஞ்சள் சாயல். படுகை மூங்கிலைக் குறுக்கே போட்டு அதிலிருந்து சங்கிலியில் தொங்கவிட்டேன். கயிறு வேண்டாம், சங்கிலிதான் நல்லது. கொடி உயர உயர ஒவ்வொரு கண்ணியாக ஏற்றிக்கொண்டே போகலாம். இலைக்கும் விளக்குக்கும் ஒன்றரை அடி. புறங்கையை இலை மட்டத்தில் நீட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் சூடு உறுத்தக் கூடாது. செயலியில் இப்போது 18,000, நடுவில் 20,000. கணு இடைவெளி பாதியாகக் குறைந்தது, இலை கறுத்துத் தடித்தது.

அவரை பந்தலுக்குப் பிறந்த கொடி. அதை அறைக்குள் அடக்குவதற்கு ஐந்தாவது இலையில் முனையைக் கிள்ளினேன். இரண்டு பக்கக் கிளை வந்தது, அவற்றையும் நாலு இலையில் கிள்ளினேன். மூன்றடி உயரத்தில் நைலான் வலையைப் படுக்கைவாட்டில் கட்டி, கொடியைத் தினமும் கையால் வலைக்குள் மடக்கி விட்டேன். இரண்டு நாள் விட்டால் கொடி சங்கிலியைப் பிடித்து ஏறி விளக்கில் முட்டி நுனி கருகிவிடும். இந்த வேலைக்குக் காலையில் பத்து நிமிடம் ஒதுக்க முடியாதவர்கள் கொடி ரகத்தை அறைக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

பங்குனி பாதியில் வலை முக்கால்வாசி நிறைந்துவிட்டது. பூப்பதற்கு மாற்றலாம் என்றால் வெயில் குறுக்கே வந்தது. பகலில் ஓட்டுச் சூடும் விளக்குச் சூடும் சேர்ந்து அறையில் 37 டிகிரி. அந்தச் சூட்டில் பூ வந்தாலும் நிற்காமல் கொட்டிவிடும். அதனால் பொழுதையே திருப்பிப் போட்டேன். சாயங்காலம் 6 மணிக்கு விளக்கு எரியும், காலை 5 மணிக்கு அணையும். 11 மணி நேரம் வெளிச்சம், 13 மணி நேரம் இருட்டு. ராத்திரியில் அறை 30 டிகிரியைத் தாண்டவில்லை. சூட்டுக்கு இது நல்ல வழிதான். இருட்டுக்குத்தான் இதனால் தொந்தரவு வந்தது.

கண்ணாடி ஓட்டை வெளியே தார்ப்பாயால் மூடியிருந்தேன். கதவு சாத்தினால் உள்ளே இருட்டு. இது போதும் என்று இருந்தேன். பங்குனி போனது, சித்திரையும் பாதி போனது, மொட்டு இல்லை. கொடி மட்டும் கொழுத்துக்கொண்டே போனது. எரு அதிகமாகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு மேலுரத்தை நிறுத்தினேன், அடுப்புச் சாம்பல் ஒரு கைப்பிடி தூவினேன், கொஞ்சம் காயவும் விட்டேன். எதற்கும் அசையவில்லை.

அப்புறம் ஒரு நாள் உச்சி வெயிலில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழக ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. கதவுக்கு அடியில் கட்டைவிரல் தடிமனில் ஒரு வெளிச்சக் கோடு. ஓடும் ஓடும் சேருகிற இடுக்கெல்லாம் மெல்லிய கீற்று. தார்ப்பாயின் ஓரத்தில் ஒரு பிசிறு. கால் மணி நேரத்தில் என் கைவிரல்களை எண்ண முடிந்தது, அவரை இலையின் விளிம்பு தெரிந்தது. சுண்ணாம்புச் சுவர் அந்தக் கொஞ்ச வெளிச்சத்தையும் அறை முழுக்கப் பரப்பியிருந்தது. இதெல்லாம் போதாதென்று உலக்கை எடுக்க, தேங்காய் எடுக்க என்று பகலில் பல தடவை கதவு திறந்து மூடியது. ராத்திரியில் விளக்கு அணைகிற ஏற்பாடாக இருந்திருந்தால் வெளியேயும் இருட்டு, இந்த இடுக்கெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பொழுதைத் திருப்பிப் போட்டதால் செடியின் ராத்திரி முழுவதும் நம் உச்சிப் பகலாக ஆகிவிட்டது. குறுகிய பகலில் பூக்கும் செடிக்கு நீண்ட இருட்டு உடையாமல் கிடைக்க வேண்டும். நடுவில் வெளிச்சம் புகுந்தால் அது வரைக்கும் இருந்த இருட்டு கணக்கில் வராது.

சரிசெய்ய எனக்கு உதவியது களை வராமல் வயல் மண்ணின் மேல் விரிக்கிற மல்ச்சிங் ஷீட். ஒரு பக்கம் வெள்ளி, ஒரு பக்கம் கறுப்பு. 450 ரூபாய்க்குத் தேவைக்கு வெட்டி வாங்கினேன். மூங்கில் வரிச்சி கட்டி, ஓட்டுக்கு ஓரடி கீழே ஷீட்டை இரட்டையாக இழுத்துக் கட்டினேன். வெள்ளிப் பக்கம் செடியைப் பார்த்து. ஆணி துளை, மடிப்பு எல்லாவற்றுக்கும் கறுப்பு டேப். கதவுக்கு உள்பக்கம் சாக்கை இரண்டு மடிப்பாகத் தைத்து, தரையில் அரை அடி புரளுகிற மாதிரி திரை. உலக்கையும் அண்டாவும் ரேழிக்குப் போயின. கதவில் பூட்டும் போட்டேன்.

இப்படி அடைத்தால் காற்று நின்றுவிடும். ஆறங்குல எக்ஸாஸ்ட் ஃபேன், 900 ரூபாய். ஃபேன் ஓட்டை வழியாக வெளிச்சம் வராமல் இருக்க அதற்கு முன்னால் தகரத்தில் பெட்டி மாதிரி மடித்து, வாயைக் கீழ்நோக்கி வைத்து, உள்ளே கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். காற்று உள்ளே வர, தரையோரம் நாலங்குல பி.வி.சி. பைப்பில் இரண்டு எல்போ எதிரெதிராகப் போட்டு அதன் உள்பக்கமும் கறுப்பு. காற்று வளைந்து வரும், வெளிச்சம் வளையாது. பைப்பும் எல்போவும் 320 ரூபாய். தகரம் வீட்டிலிருந்ததே. வீட்டிலிருந்த பழைய டேபிள் ஃபேனையும் கொடி லேசாக ஆடும் அளவுக்கு ஓடவிட்டேன்.

மறுபடி உச்சி வெயிலில் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். அரை மணி நேரம் ஆகியும் முகத்துக்கு முன்னால் ஆட்டிய கை தெரியவில்லை. அறை வைத்துச் செடி வளர்க்கிறவர்களுக்கு நான் சொல்கிற அளவுகோல் இதுதான். கதவைச் சாத்திய உடனே பார்ப்பது சோதனையே ஆகாது, கண் பழகும் வரை உட்கார வேண்டும்.

டைமரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதலில் வாங்கியது சுற்றி முள் அழுத்துகிற டைமர், 380 ரூபாய். அது மின்சாரத்தில்தான் சுற்றும். கரண்ட் போனால் அதன் கடிகாரமும் நின்றுவிடும். சித்திரையில் நம் பக்கம் கோடை மழைக்கு முன்னால் ஒரு காற்று அடித்தாலே கரண்ட் போகும். ஒவ்வொரு தடவையும் அரை மணி, ஒரு மணி என்று டைமர் பின்தங்கி, ஒரு கட்டத்தில் விளக்கு எட்டு மணிக்கு எரிந்து காலை ஏழு மணிக்கு அணைந்துகொண்டிருந்தது. உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் 750 ரூபாய். டெல்டாவில் இதற்குக் குறைந்து எதையும் வாங்க வேண்டாம். விளக்கு எரிகிற நேரத்தில் கரண்ட் போவதைப் பற்றிக் கவலை இல்லை, இருட்டு கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். இருட்டு நேரத்தில் வெளிச்சம் வருவதுதான் ஆகாது.

அறையை அடைத்து மூன்று வாரம் கடந்து, வைகாசி நடுவில், இலைக்கணுவில் வழக்கமான கிளை மொட்டுக்குப் பதிலாகக் கூராக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. நாலைந்து நாளில் அது ஒரு சாண் காம்பாக நிமிர்ந்து, முடிச்சு முடிச்சாக ஊதா மொட்டு. மூன்று செடியிலும் ஒரே வாரத்தில். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அத்தைக்குப் போன் போட்டேன். "வைகாசியில அவரை பூக்குமா, நெசமாவா சொல்ற?" என்று மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார். ஆறு மணிக்கு விளக்கு எரியும் வரை காத்திருந்து, உள்ளே போய், காம்பை விரலால் நிமிர்த்தி, மொட்டு ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடித்தார்.

பூ கீழிருந்து மேலாக விரியும். அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும், ஆனால் வெளியில் தேனீ வந்து உட்கார்ந்து அசைக்கும், இங்கே அது இல்லை. விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் கழித்து, விரிந்த பூவின் பக்க இதழ் இரண்டையும் விரல் நுனியால் மெல்லக் கீழே அழுத்துவேன். உள்ளிருந்து சூல்முடி வளைந்து வெளியே வரும், அதன் நுனியில் மகரந்தம் மாவு மாதிரி ஒட்டியிருக்கும். விரலை எடுத்தால் திரும்ப உள்ளே போய்விடும். அப்படி அழுத்திய பூக்கள் அழுத்தாதவற்றைவிட அதிகம் நின்றன. முதல் காம்புகளில் பாதிக்கு மேல் கொட்டியது. ஆனி பிறந்து ராத்திரி கொஞ்சம் குளிர்ந்த பிறகு வந்த காம்புகளில் நன்றாகவே பிடித்தது.

பூ நேரத்தில் சிவப்புச் சிலந்திப்பேன் வந்தது. இலை மேலே ஊசி குத்தியது மாதிரி வெளுத்த புள்ளி, திருப்பிப் பார்த்தால் நரம்போரம் நடக்கிற சிவப்புத் துகள்கள். வறண்ட காற்றும் சூடும் அதற்குப் பிடிக்கும், அறைக்குள் அதைத் தின்னுகிற பூச்சியும் இல்லை. அதிகம் பட்ட இலைகளைக் கிள்ளி எரித்தேன். மீதி இலைகளின் அடிப்பக்கத்தைத் தெளிப்பானில் வெறும் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவினேன். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, காலையில் விளக்கு அணைவதற்குச் சற்று முன்னால் அடித்தேன். எண்ணெய் இலையில் இருக்கும்போது விளக்குச் சூடு பட்டால் இலை கருகும். பூவில் படாமல் அடிக்க வேண்டும். ஒரு தடவையில் போகாது, வாரத்துக்கு ஒரு தடவை விடாமல் அடித்த பிறகு அடங்கியது. பஞ்சகவ்யம் ஒரு முறை தெளித்தேன். அடைத்த அறையில் அந்த வாடை வீடு முழுக்க வந்ததால் அதோடு விட்டுவிட்டேன், செடி அதனால் குறைந்துபோகவில்லை.

காய் அகலமாகி ஊதாக் கரை தெரிந்தபோது ஒரு காய் கூடக் கறிக்குப் பறிக்கவில்லை. காய் மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரைப் பாதியாக்கினேன். ஆடி முதல் வாரத்தில் முதல் காய்கள் காகிதமாகக் காய்ந்து ஆட்டினால் சலசலத்தன. அவ்வப்போது காய்ந்ததைப் பறித்து, முறத்தில் காலை வெயில் மட்டும் காட்டி உலர்த்தினேன். மூன்று செடியில் மொத்தம் 58 காய், 210 விதை, எடை 76 கிராம். கறுப்பும் வெள்ளைக் கோடும் அப்படியே இருந்தன. பத்து விதையை ஈரத் துணியில் மடித்துப் பார்த்ததில் ஒன்பது முளைத்தது.

செலவு: விளக்குகள் 3,480, டைமர் இரண்டும் 1,130, ஃபேன் 900, ஷீட் 450, வாளி 180, வெப்பமும் ஈரமும் காட்டுகிற மீட்டர் 280, பைப் 320, மின்வேலை 1,500. மொத்தம் 8,240 ரூபாய். மின்சாரம் பூக்கும் கட்டத்தில் விளக்குக்கு மட்டும் நாளைக்கு மூன்று யூனிட் ஆனது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது வீட்டு உபயோகத்துக்கே சரியாகப் போய்விட்டதால் இது முழுக்க மேல்செலவு. கறிக்காக அவரை வேண்டுமென்றால் இப்படிச் செய்வதில் அர்த்தமே இல்லை, சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். சந்தையில் இல்லாத ஒரு விதைக்கு என்றால் இந்தப் பணம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. விளக்கும் டைமரும் அப்படியே இருக்கின்றன, அடுத்த முறைக்கு மண்ணும் மின்சாரமும் மட்டும்தான் செலவு.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ பாரம்பரிய விதை நெல் வாங்குகிறவர் அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் அத்தைக்கு அந்தக் கணக்கில் கொடுத்தேன். அவர் கொடுத்தது 23, திருப்பியது 46. ஆடிப்பெருக்கு அன்று அவர் கொல்லையிலும் எங்கள் கொல்லையிலும் குழி எடுத்து ஊன்றியாயிற்று. எங்கள் தெருவில் கேட்ட மூன்று வீட்டுக்கும் பத்துப் பத்து. 60 விதையைச் செம்மண் குழைத்துப் பூசி உலர்த்திப் புட்டியில் அடைத்தேன். கலயத்தில் மிச்சமிருந்த பழைய ஆறும் அதோடு சேர்ந்து இருக்கிறது.

மறுபடி செய்தால் மாற்றுகிறவை சில உண்டு. மாசிக்குப் பதில் கார்த்திகையில் தொடங்குவேன். பூக்கும் கட்டம் தை, மாசிக் குளிரில் வந்தால் பொழுதைத் திருப்பிப் போட வேண்டிய தேவையே இல்லை, இடுக்குகளைப் பற்றி இவ்வளவு பாடும் இல்லை. விதை ஊன்றுவதற்கு முன்பே இருட்டுச் சோதனையை முடித்துவிடுவேன். டியூப் பட்டைகளை வாங்காமல் நேராக ஃப்ளட் லைட்டிலேயே தொடங்கி, நாற்றுக் கட்டத்தில் உயரத்தில் தொங்கவிடுவேன். ஒரு வாளிக்கு ஒரு செடி என்பதை மாற்ற மாட்டேன். வலையை மட்டும் மூன்றடியிலிருந்து இரண்டடிக்கு இறக்குவேன், அடிக்கணுக்களுக்கு வெளிச்சம் போதாமல் அங்கே ஒரு காம்பு கூட வரவில்லை. அடுத்து அந்த அறைக்குள் போகப் போவது சிறகவரை. அதுவும் பொழுது குறைந்தால் பூக்கிற கொடிதான். நாலு விதை கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.